ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது என் அத்தை வீடு. அந்தச் சமையலறையில் துவரம்பருப்பு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும். உளுந்து, பூஸ்ட் பாட்டிலில். கடுகு, எப்போதோ பிஸ்கட் வந்த தகர டப்பாவில். "கண்ணு, அந்த ஹார்லிக்ஸை எடு" என்று அத்தை சொன்னால் பருப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்த எங்களுக்கு இதில் குழப்பமே வந்ததில்லை. மச்சான் இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகுதான் சிக்கல். பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மா குழந்தைக்குப் பால் கலக்க ஹார்லிக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மச்சானுக்கு மானம் போயிற்று. அன்றைக்கே எல்லாப் பாட்டிலிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டார். அத்தை இன்றுவரை அந்தச் சீட்டுகளைப் படித்ததில்லை. அவருக்கு ஹார்லிக்ஸ் ஹார்லிக்ஸ்தான்.

நான் சேலத்தில் இருந்துகொண்டு ஜாவாவில் நிரல் எழுதிப் பிழைப்பவன். கணினி ஊர் ஊராக நேரம் சொல்வது எப்படி என்று யாராவது கேட்டால் இந்த அலமாரியைத்தான் காட்டுவேன். பாட்டில் ஒன்று, உள்ளே இருக்கும் பண்டம் வேறு, மேலே ஒட்டிய சீட்டு இன்னொன்று. கணினியில் பாட்டில் என்பது நேர மண்டலத்தின் குறியீட்டுப் பெயர், பண்டம் அதன் விதி, சீட்டு திரையில் காட்டும் பெயர். மூன்றையும் பார்த்துக்கொள்பவர்களும் வேறு வேறு ஆட்கள். பண்டத்தை மாற்றுகிறவர் சீட்டைத் தொடமாட்டார். சீட்டு எழுதுகிறவருக்குப் பண்டம் மாறியதே தெரிந்திருக்காது.

நான் சூடுபட்டது பண்டத்தில். 2023 மே மாதம். கோடை விழாக் கூட்டம் மலையேறிக்கொண்டிருந்த நாட்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசை. மச்சானின் காப்பிக்கொட்டையை வாங்கிப் பார்க்கலாம் என்று நினைத்த ஒருவர் கெய்ரோவில் இருந்தார். அவர் ஊர் நேரம் பகல் 2 மணிக்குக் காணொளியில் பேசுவது என்று ஏற்பாடு. விருந்தினர் பதிவுக்காக நான் எழுதிக் கொடுத்திருந்த சின்ன நிரலில் மச்சான் அதைப் போட்டுப் பார்த்தார். "இந்திய நேரம் மாலை 5:30" என்றது அது. நாலரை மணிக்கு மலை மழை பிடித்துக்கொண்டது. மச்சான் ஓடு ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில்தான் கெய்ரோக்காரர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். ஐந்தரைக்கு மச்சான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது எதிர்ப்பக்கம் ஆள் இல்லை.

சில ஆண்டுகளாகக் கைவிட்டிருந்த கோடைக்கால நேரத்தை எகிப்து அரசாங்கம் அந்த ஆண்டு ஏப்ரல் 28 முதல் மறுபடி கொண்டுவந்திருந்தது. மூன்றரை மணி நேர வித்தியாசம் இரண்டரை ஆகிவிட்டது. என் கணக்கில் பிழை இல்லை. சர்வரில் இருந்த பண்டம், அதாவது நேர விதி, 2022-இல் அடைத்தது.

நேர மண்டலம் என்றால் ஓர் எண் என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்தியா என்றால் ஐந்தரை, முடிந்தது. 1945-க்குப் பிறகு நாட்டின் பொதுக் கடிகாரத்தை யாரும் தொடாததால் அந்த நினைப்பு நமக்குப் பலித்துவிடுகிறது. உண்மையில் அது எண் அல்ல, பக்குவம். அரைத்த இட்லி மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கும் என்று கேளுங்கள். சேலத்தில் இரவு கரைத்து வைத்தால் விடியும்போது பாத்திரத்தை விட்டு வழியும். அதே மாவை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, ஏற்காட்டுக் குளிரில் டிசம்பரில் வைத்தால் மறுநாள் மதியம் வரை அசையாது. அத்தை அடுப்போரம் நகர்த்திக் கம்பளி சுற்றி வைப்பார். மே மாதத்தில் கம்பளி வேண்டாம். எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்காமல் "எட்டு மணி நேரம்" என்று எழுதும் சமையல் புத்தகத்தை நான் நம்புவதில்லை. நேரமும் அப்படியே: எந்த ஊர், எந்தத் தேதி, அந்தத் தேதியில் அந்த ஊர் அரசாங்கம் என்ன சொல்லியிருந்தது. மூன்றும் தெரிந்தால்தான் கணக்கு.

உலகத்துப் பக்குவங்களை எல்லாம் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். டி.இசட். டேட்டா என்று பெயர். 1980களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. பிறகு பால் எக்கர்ட் தலைமையில் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். பெரிய கம்பெனி எதுவும் இதற்குச் சொந்தக்காரர் அல்ல. 2011-இல் ஜோதிட மென்பொருள் விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனம், பழைய நேர விவரங்கள் தன் புத்தகத்திலிருந்து எடுத்தவை என்று இருவர் மீதும் வழக்குப் போட்டது. உலகக் கணினிகளின் கடிகார நோட்டு சில நாட்கள் இணையத்தில் கிடைக்காமலே போனது. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐயானா அமைப்பு அதை ஏற்று நடத்த வந்தது அப்போதுதான். அடுத்த ஆண்டு வழக்கும் வாபஸ் ஆனது. ஜாதகம் கணிக்கிறவருக்கும் கணினிக்காரருக்கும் ஒரே நோட்டு தேவைப்படுவது நம் ஊர் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

நோட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆண்டும் ஒரு ஆங்கில எழுத்தும் பெயர்: 2022பி, 2023ஏ, 2024பி என்று. ஓர் ஆண்டில் எத்தனை பதிப்பு வரும் என்பது அரசாங்கங்களின் மனநிலையைப் பொறுத்தது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது அதைத் தள்ளிவைத்தது. உடனே 2023பி வந்தது. லெபனானில் பாதிப்பேர் அரசு சொன்னதைக் கேட்கவில்லை. ஒரே தெருவில் இரண்டு நேரம். அரசு பின்வாங்கியது. ஐந்தே நாளில் 2023சி வந்தது. அதன் உள்ளடக்கம் 2023ஏ-வில் இருந்ததேதான். உப்புப் போட்டு, எடுத்து, மறுபடி பழைய குழம்பு.

பாட்டிலைத் திறந்தால்

நம் பாட்டிலின் பெயர் "ஏஷியா/கொல்கத்தா". டெல்லி அல்ல, சென்னை அல்ல, இந்தியா என்றுகூட இல்லை. நாடுகளின் பெயரும் எல்லையும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரே கடிகாரம் ஓடும் வட்டாரத்தில் பெரிதாக இருந்த நகரத்தின் பெயரை வைப்பது நோட்டுக்காரர்கள் வழக்கம். சென்னைக்காரரும் ஏற்காட்டுக்காரரும் கணினியில் கொல்கத்தா என்று தெரிவுசெய்வது அதனால்தான். கொல்கத்தா என்ற பெயரை அத்தையின் ஹார்லிக்ஸ் மாதிரி நினைத்துக்கொண்டால் வருத்தம் வராது.

திறந்து பார்த்தால்தான் வேடிக்கை. முதல் வரியில் கல்கத்தாவின் சூரிய நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிடம் 28 விநாடி முன்னால். அடுத்து ஹவுரா நேரம், 1870 வரை. அதற்கடுத்த வரியில், 1870 முதல் 1906 ஜனவரி 1 வரை, இருப்பது மெட்ராஸ் நேரம்: 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. பாட்டிலில் கொல்கத்தா, உள்ளே மெட்ராஸ் சரக்கு! கல்கத்தா நகரம் தன் சொந்த நேரத்தை 1948 வரை விடாமல் வைத்திருந்தது. பம்பாய் 1955 வரை. ஆனால் நாட்டின் இரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகம் சொன்ன நேரம் அது. ஊர் நேரத்தை விட்டு இரயில் நேரத்தை நோட்டில் எழுதிவிட்டார்கள்.

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏதாவது ஒரு தரவுத்தளத்தில் தேதி தெரியாத இடத்தில் எல்லாம் 1900 ஜனவரி 1 என்று போட்டு வைத்திருப்பார்கள். அதைக் கொல்கத்தா மண்டலத்தில் ஜாவாவிலோ உலாவியிலோ திறந்து வேறொரு நிரலுக்கு அனுப்பினால், நேரம் 8 நிமிடம் 50 விநாடி பிசகி வரும். அந்த எண்ணைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்ட நிரலாளர்கள் ஏராளம். ஐந்தரையிலிருந்து மெட்ராஸ் நேரத்தைக் கழித்துப் பாருங்கள், அவ்வளவேதான். 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் தன் கடைசிக் காலத்தை ஏற்காட்டில்தான் கழித்தார், 1912-இல் மறைந்தார். அவர் கடிதம் ஒன்றுக்கு 1905 என்று தேதி கொடுத்தால் கணினி மெட்ராஸ் நேரத்தில் கணக்குப் போடும். 1907 என்றால் ஐந்தரையில். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியபோது தகராறு தீர்ந்திருந்தது.

இரண்டுமே ஏற்காட்டின் நேரம் அல்ல என்பது தனிக்கதை. இந்திய நேரத்தின் அச்சு 82½ டிகிரி தீர்க்கரேகை, மிர்சாபூர் அருகே போவது. ஏற்காடு இருப்பது 78 டிகிரிக்குச் சற்றுக் கிழக்கே. அங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சூரியன் உச்சிக்கு வருவதைப் பார்த்தால் கடிகாரம் சராசரியாகப் பன்னிரண்டேகால் தாண்டியிருக்கும். பருவத்துக்குத் தக்கபடி கால் மணி வரை முன்பின்னாக.

இன்னும் இரண்டு வரிகள் பாக்கி. இரண்டாம் உலகப் போரின்போது, முதலில் 1941 அக்டோபரிலிருந்து சில மாதங்கள், பிறகு 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அந்த ஆண்டுகளில் பிறந்தவருக்கு ஜாதகம் எழுதும் விவரமான ஜோதிடர் யுத்த நேரம் என்று ஒரு மணியைக் கழித்துவிட்டுத்தான் லக்னம் பார்ப்பார். ஜாவாவும் அப்படியே கழிக்கும். விவரம் தெரியாமல் ஐந்தரை என்று கையால் எழுதிய நிரல் கழிக்காது; லக்னம் மாறிப் போகும்.

மில்லுக்குப் போய் வருவது

நோட்டு மனிதர் படிக்க எழுதியது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என்று பிரித்து வெறும் எழுத்துக் கோப்புகள். "ஏப்ரல் கடைசி வெள்ளி ஒரு மணி முன்னே, அக்டோபர் கடைசி வியாழன் நள்ளிரவு பழையபடி" என்ற எகிப்து விதியை அதில் ஒரு ஜோடி வரியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் இதைப் படித்துக் கணக்குப் போட்டால் கணினிக்கு நேரம் ஆகும். மிளகாயும் மல்லியும் மூட்டையில் இருந்தால் சாம்பார் ஆகாது. மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். லினக்ஸ் தனக்கு ஒரு மில்லில் அரைத்துக்கொள்கிறது. ஜாவா தன் மில்லில் அரைத்து, தன் நூலகக் கோப்புறைக்குள் ஒரே கோப்பாக வைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 100 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தைவிடச் சிறியது. அதற்குள் உலகத்துக் கடிகாரம் முழுக்க இருக்கிறது.

என்னைக் கவிழ்த்தது இந்த இடம். கெய்ரோ விவகாரத்துக்குப் பிறகு சர்வரைப் பார்த்தேன். லினக்ஸின் நேரத் தரவு புத்தம் புதிது, தானாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஜாவா அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு. கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் வீட்டுக்குப் புதுப் பொடி வந்தால் சின்னவர் அடுப்பில் சாம்பார் மாறிவிடாது, அல்லவா? அடுப்புகள் இரண்டோடு நிற்பதும் இல்லை. பைத்தான் 3.9 முதல் லினக்ஸின் டப்பாவையே கடன் வாங்குகிறது. அது இல்லாத இடத்தில்தான் தனிப் பொட்டலம். மை.எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தில் நேர மண்டலங்களைத் தனி அட்டவணைகளில் நாமே ஏற்ற வேண்டும். ஏற்றிய நாளோடு அது நின்றுவிடும். விருந்தினர் கையில் இருக்கும் உலாவிக்கு இன்னொரு டப்பா. ஒரு சின்ன அறைப் பதிவு நிரலுக்குள் நான்கு ஆண்டுகளின் பொடி இருக்கலாம். எது எது எந்த ஆண்டு என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஜாவாவின் புதுப்பிப்புகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுக்கு ஒருமுறை வரும்போது புதுப் பொடியும் கூடவே வரும். அதற்குள் அவசரம் என்றால், விதிக் கோப்பை மட்டும் மாற்றித் தருவதற்கு ஆரக்கிள் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறது. மாற்றிய பிறகு ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். ஏனென்றால் ஜாவா அந்தக் கோப்பை ஒருமுறைதான் திறந்து படிக்கும். டப்பாவில் பொடியை மாற்றிவிட்டு, அடுப்பில் ஏற்கனவே கொதிக்கும் குழம்பைக் குறைசொல்வது நியாயம் இல்லை.

சீட்டு எழுதுகிறவர்கள்

சீட்டின் கதை வேறு. "ஏஷியா/கொல்கத்தா" என்பதைத் திரையில் அப்படியே காட்டுவது, விருந்தாளியிடம் ஹார்லிக்ஸ் எடுக்கச் சொல்வது மாதிரி. அவருக்கு வேண்டியது "இந்திய நேரம்" என்ற சீட்டு, அதுவும் அவர் மொழியில். இந்தச் சீட்டுகளை எழுதுவது டி.இசட். டேட்டாக்காரர்கள் அல்ல. யூனிகோட் அமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற பெயரில் உலக மொழிகளின் தேதி, நாணயம், நேரப் பெயர்களைத் திரட்டி வைத்திருக்கிறது. தமிழில் நம் சீட்டு "இந்திய நிலையான நேரம்". பள்ளிப் புத்தகத்தில் இந்தியத் திட்ட நேரம் என்று படித்தோம். தமிழ் விக்கிப்பீடியாவில் இந்திய சீர் நேரம். செய்தியில் வெறும் "இந்திய நேரப்படி". எனக்குத் திட்ட நேரமே பிடிக்கும். ஆனால் எண்பது ஆண்டாக அசையாத கடிகாரத்துக்கு "நிலையான" என்ற சொல் தற்செயலாகப் பொருந்தித்தான் விட்டது.

ஜாவா தன் சீட்டுகளைத் தானே எழுதிக்கொண்டிருந்த காலம் உண்டு. சில மொழிகளுக்கு மட்டும் அட்டவணை. தமிழ் அதில் இல்லை. 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து யூனிகோட் சீட்டுகளே முதலில். 2024-இல் வந்த 23-ஆம் பதிப்பில், பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கும் வழியையும் எடுத்துவிட்டார்கள். இதனால் எட்டாம் பதிப்பிலிருந்து தாவிய பல நிரல்களில் எந்த விதியும் மாறாமலே காகிதத்தில் அச்சாகும் பெயர் மட்டும் மாறியது. அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நிரல்கள் விழுந்தன. சீட்டைப் பார்த்துப் பருப்பு எடுத்தவர்கள் பட்ட பாடு.

பண்டமும் சீட்டும் வேறு வேறு வண்டியில் வருவதால் இடையில் ஓர் இடைவெளி விழும். 2025 மார்ச்சில் வந்த 2025பி-யில் சிலி நாட்டின் தெற்குப் பகுதிக்கு, கொய்யைக்கே நகரத்தின் பெயரில், புதிய பாட்டில் ஒன்று சேர்ந்தது. விதி அன்றே கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு மொழியிலும் அதற்குப் பெயர் எழுதியாக வேண்டுமே? அதுவரை பெயர் கேட்கிறவருக்கு "ஜி.எம்.டி. -03:00" போன்ற வெறும் எண்தான் கிடைக்கும். பண்டம் கெடவில்லை, சீட்டு மட்டும் இல்லை. ஜாவாவை உருவாக்குகிறவர்கள் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் ருசிபார்க்க மூன்று சோதனைக் கோப்புகளையும் சேர்த்து மாற்றுகிறார்கள்: பதிப்பு எண்ணுக்கு ஒன்று, மாற்றுப்பெயர்களுக்கு ஒன்று, காட்டும் பெயர்களுக்கு ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால்தான் பரிமாறுவார்கள்.

சுருக்கப் பெயர் என்று ஒரு சாபக்கேடு இருக்கிறது: ஐ.எஸ்.டி. நமக்கு அது இந்திய நேரம். இஸ்ரேல்காரருக்கு இஸ்ரேல் நேரம். அயர்லாந்துக்காரருக்கு அவர் ஊர்க் கோடை நேரம். சமையலறையில் "பொடியை எடு" என்றால் சாம்பார் பொடியா, இட்லிப் பொடியா, பருப்புப் பொடியா? தாத்தா கேட்டால் மூக்குப்பொடி. ஜாவாவிடம் ஐ.எஸ்.டி. என்று கேட்டால் பழைய பழக்கத்தில் கொல்கத்தாவை எடுத்துக் கொடுக்கும். டப்ளின் நண்பர் அனுப்பிய நேரத்துக்கு அது எமன்.

பாட்டிலுக்கே பெயர் மாறினால்? மேற்கு வங்கத் தலைநகரம் அதிகாரபூர்வமாகக் கொல்கத்தா ஆனது 2001-இல். நோட்டில் "ஏஷியா/கல்கத்தா" கொல்கத்தாவாக மாறியது 2008-இல். பழைய பெயரைத் தூக்கி எறியவில்லை. கல்கத்தா என்று கேட்டாலும் அதே பாட்டில் வரும்படி ஓர் இணைப்பு வரி வைத்தார்கள். யூனிகோட்காரர்களோ, ஒருமுறை வைத்த குறியீட்டுப் பெயரை மாற்றுவதில்லை என்ற பிடிவாதத்தில் கல்கத்தாவையே வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரே கணினியில் ஃபயர்பாக்ஸ் கொல்கத்தா என்றது, குரோம் நெடுங்காலம் கல்கத்தா என்றது. இரண்டும் வேறு என்று நினைத்துப் பிழைச்செய்தி காட்டிய நிரல்களை நானே பார்த்திருக்கிறேன்.

இணைப்பு வரி ஒரு திசையில்தான் உதவும். 2022 ஆகஸ்டில் 2022பி-யில் உக்ரைன் தலைநகரின் பெயர் கியெவ் என்பதிலிருந்து கீவ் ஆனது. புதிய வீட்டுக்குப் பழைய பெயர் தெரியும். பழைய வீட்டுக்குப் புதிய பெயர் எப்படித் தெரியும்? புதுப்பித்த செல்பேசி புதிய பெயரை அனுப்ப, புதுப்பிக்காத சர்வரின் ஜாவா "அப்படி ஒரு மண்டலமே இல்லை" என்று கைவிரித்தது.

இலங்கைத் தமிழருக்கு இதெல்லாம் புதிதல்ல. 1996-இல் வறட்சியும் மின்வெட்டும் வந்தபோது இலங்கை மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை ஆக்கியது, அக்டோபரில் ஆறு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய ஐந்தரையிலேயே நின்றன. ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, நாடு முழுவதும் ஐந்தரைக்குத் திரும்பியது. நோட்டில் இதற்கு இருப்பது "ஏஷியா/கொழும்பு" என்ற ஒரே பாட்டில். கொழும்பின் கதையை மட்டும் சொல்கிறது. வன்னியில் பத்தாண்டு ஓடிய கடிகாரத்துக்கு அலமாரியில் இடம் இல்லை. சீட்டிலும் ஒரு வேடிக்கை: 1996 முதல் 2006 வரையிலான காலத்துக்கு யூனிகோட் "லங்கா" என்று தனிப் பெயர் வைத்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் கொழும்பின் நேரத்துக்கு ஒட்டியிருக்கும் சீட்டு, இந்திய நேரம் என்பதே. யாழ்ப்பாணத்து விருந்தினர் ஒருவர் என் நிரலின் ரசீதைப் பார்த்துவிட்டு, "எங்கட நேரத்துக்கும் உங்கட பேரா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விதி சரி, சீட்டு பொருந்தவில்லை. இப்போது கொழும்புக்கு மட்டும் சீட்டை நானே எழுதிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. கெய்ரோச் சந்திப்பு ஏப்ரல் ஆரம்பத்திலேயே குறிக்கப்பட்டது. என் நிரல் அதை உடனே கிரீன்விச் நேரமாக மாற்றிச் சேமித்துவிட்டது. ஆக, மே மாதத்துக்குள் நான் ஜாவாவைப் புதுப்பித்திருந்தாலும் மச்சான் ஐந்தரைக்குத்தான் உட்கார்ந்திருப்பார். தூக்குச்சட்டியில் கட்டி அனுப்பிய சாம்பாருக்கு வீட்டில் பொடி மாற்றி என்ன பயன்? நடந்து முடிந்ததைக் கிரீன்விச் நேரத்தில் எழுதி வைக்கலாம், அது இனி மாறாது. நடக்கப் போவதை "கெய்ரோ, மே இன்ன தேதி, பகல் 2 மணி" என்று அந்த ஊர்க் கடிகாரமாகவும் பாட்டிலின் பெயராகவும் சேமித்து, காட்டும் நேரத்தில் கணக்கிட வேண்டும். மச்சானின் நிரலில் அதை மாற்ற எனக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. கெய்ரோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி பேச மச்சானுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

உங்களுக்கும் ஒரு வேலை. உங்கள் ஜாவாவில் ஸோன்ரூல்ஸ்புரொவைடர் என்ற வகுப்பிடம் கொல்கத்தாவின் பதிப்பு என்ன என்று கேளுங்கள். ஓர் ஆண்டும் ஓர் எழுத்தும் பதிலாக வரும். தரவுத்தளத்துக்கும் தனியாகப் பாருங்கள். 2023-க்கு முந்தைய ஆண்டு வந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். கெய்ரோவில் யாராவது உங்களுக்காகவும் காத்திருக்கக்கூடும்.